விட்டுவிட்டுப் பேசும் ஒலிபெருக்கி



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு பக்கத்து ஸ்பீக்கர் அடங்கிவிடுகிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடியும் பாடுகிறது. செங்கல்பட்டில் புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நான்கு முறை போய் நான்கு முறை வருகிறது. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அன்றாடம் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நம் சபையில் பலர் உண்டு. வாடகைக் கார், பள்ளி வேன், சுற்றுலா வண்டி என்று எதை ஓட்டினாலும் இந்தத் தொல்லை அவர்களுக்குத் தெரியும். தெரியும் என்பதைவிட, பழகிப்போய்விட்டது என்பதே சரி. அந்தப் பழக்கத்தைக் குறித்துத்தான் இன்று எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியோடு ஊமையாகிவிட்ட கருவியைவிட, விட்டுவிட்டுப் பேசும் கருவியே நமக்கு அதிகக் கேடு செய்யும். ஊமையானதை யாரும் நம்புவதில்லை. ஒன்று பழுதுபார்க்கிறோம், இல்லையேல் கழற்றி எறிகிறோம். விட்டுவிட்டுப் பேசுவதையோ தட்டிப் பார்க்கிறோம். பேசினால் நிம்மதி அடைகிறோம். பேசாவிட்டால் இன்னொரு முறை தட்டுகிறோம். பாதி நம்பிக்கையிலேயே ஆண்டுகள் கழிகின்றன. இந்தக் குறை காரின் கதவுக்குள் இருக்கும்வரை தொல்லை மட்டுமே. ஊரார் உயிருக்காகக் காத்து நிற்கும் ஒலிபெருக்கியில் இருந்தால் அது பேராபத்து. இரண்டுக்கும் பழுது ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஆகையால் சிறியதிலிருந்து தொடங்குவோம்.

உப்புக்காற்றின் வேலை

நாம் வாழும் நிலம் மின் இணைப்புகளுக்கு இரக்கம் காட்டாத நிலம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில் எழுந்தது. கருங்கல். ஆயினும் உப்புக்காற்று அதன் சிற்பங்களின் முகங்களை மழுங்கச் செய்திருக்கிறது. கல்லுக்குள் இறங்கிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உப்பை உறிஞ்சியபின் உரித்தெடுக்கிறார்கள். அலையைத் தடுக்கப் பாறைகளைக் குவித்தார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்ற கல்லுக்கே இவ்வளவு காவல் தேவைப்படுகிறது என்றால், கார்க் கதவுக்குள் கிடக்கும் மெல்லிய செம்புக் கம்பி எம்மாத்திரம்?

செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் சில நாட்களில் பச்சை பூத்துவிடும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிறுத்தப்படும் ஒவ்வொரு காரின் கனெக்டருக்குள்ளும் அதே வேலைதான் மெதுவாக நடக்கிறது. உப்பு தோய்ந்த ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. செம்பின்மேல் மெல்லிய களிம்புப் படலம் படிகிறது. மின்சாரம் செல்லும் வழி நாளுக்கு நாள் குறுகுகிறது. வழி முற்றிலும் அடைபடும் முன்னர் வருகிற நிலைதான் இந்த விட்டுவிட்டுப் பேசும் நிலை.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒலியைக் குறைத்து வைத்தால் ஒரு ஸ்பீக்கர் மௌனமாகிறது. ஒலியைக் கூட்டினால் சட்டென்று விழித்துக்கொள்கிறது. பிறகு சிறிது நேரம் குறைத்து வைத்தாலும் பாடுகிறது. களிம்பேறிய இணைப்பின் குணம் அதுவே. சிறிய மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. பெரிய அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஓட்டுநர் இதைப் பார்த்து, சத்தமாக வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்துவிடுகிறார். ஒரு நாள் ஸ்பீக்கர் அடங்கியிருக்கும்போது ஒலியைக் கூட்டி வைத்திருப்பார். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அது முழுச் சத்தத்தோடு காதருகே வெடிக்கும். கடற்கரைச் சாலையின் வேகத்தில் ஓட்டுநர் ஒரு நொடி திடுக்கிடுவது சிறிய காரியம் அன்று.

மழையும் வெயிலும் உப்பின் கூட்டாளிகள். கதவுக் கண்ணாடியின் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடிப்புறத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளைக் கடற்கரை மணல் அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கும். கதவின் உட்புறப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஈரம் இப்புறம் வராமல் காப்பது அதுதான். கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்கும்போது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஒட்டாமலே மூடிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த மழையில் ஸ்பீக்கர் நனைகிறது. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளோ, முறுக்கி இணைத்து டேப் சுற்றிய ஒயரின் பசை இளகி, டேப் நழுவி, முறுக்கு தளர்ந்துவிடுகிறது.

எப்போது, எங்கே என்று கேளுங்கள்

இனி, பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு ஒரு குறும்பு உண்டு. கடைக்குக் கொண்டுபோனால் காட்டாது. மெக்கானிக் முன்னிலையில் குயில்போல் பாடும். வாசலைத் தாண்டியதும் அடங்கிவிடும். ஆகையால் தேடும் வேலையின் பாதி, கடைக்குப் போகும் முன்னரே, வண்டியின் சொந்தக்காரர் செய்ய வேண்டியது. ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நிற்கும் ஒவ்வொரு முறையும், வண்டி நின்றபின், நான்கு சொற்கள் எழுதுங்கள். எந்தப் பக்கம்? எந்தச் சாலை? மழையா வெயிலா? சத்தம் கூட்டியிருந்ததா குறைத்திருந்ததா? இரண்டு வாரத்தில் அந்தக் குறிப்பேடு பழுதின் வாக்குமூலமாகிவிடும்.

முதலாவது கேள்வி, அடங்குவது ஒரு ஸ்பீக்கரா, எல்லாமா என்பது. ஸ்டீரியோவில் இடம் வலம், முன் பின் என்று ஒலியைத் தள்ளும் அமைப்பு இருக்கும். ஒவ்வொரு மூலையாகத் தள்ளிப் பாருங்கள். எல்லாம் ஒருசேர அடங்கினால் கதவுகளைப் பிரித்துப் பயனில்லை. ஸ்டீரியோவுக்கு வரும் மின்சாரம், அதன் எர்த் ஒயர், ஆம்ப்ளிஃபயர், பாட்டைத் தரும் கைப்பேசி ஆகியவற்றில் ஒன்றில்தான் குற்றம் இருக்கும். கைப்பேசியை நிறுத்திவிட்டு வானொலியை வைத்துப் பாருங்கள். வானொலி தடையின்றிப் பாடினால், ஸ்பீக்கரைக் குறைசொல்ல இடமில்லை.

இரண்டாவது கேள்வி, கதவைத் திறந்து மூடும்போது மாறுகிறதா என்பது. கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயர்கள் அதற்குள் செல்கின்றன. ஒரு வாடகைக் காரின் கதவு நாளொன்றுக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது! அத்தனை முறையும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. மேல்தோல் முழுமையாகத் தெரியும். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். பாட்டை ஓடவிட்டு, கதவைப் பாதி திறந்து, அந்தக் குழாயை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒலி போய்வந்தால் பழுதின் வீட்டு வாசலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மூன்றாவது, சத்தம் கூட்டும்போதும் நெடுநேரம் ஓடியபின்னும் மட்டும் அடங்குகிறதா என்பது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. சூடு தணிந்ததும் மறுபடி எழுகிறது. காற்றோட்டம் இல்லாமல் இருக்கைக்கு அடியில் திணிக்கப்பட்டிருக்கலாம். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஸ்பீக்கர்களை அதில் இணைத்திருக்கலாம்.

நான்காவது, குலுக்கலில் மட்டுமா என்பது. அப்படியானால் ஸ்டீரியோவின் பின்புறக் கனெக்டர், ஸ்பீக்கரின் காலில் செருகிய முனை, அல்லது ஸ்பீக்கரின் காலிலிருந்து கூம்புக் காகிதத்துக்குத் தொங்கும் பின்னல் கம்பி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பின்னல் கம்பி ஒவ்வொரு தாளத்துக்கும் கூம்போடு சேர்ந்து ஆடுகிறது. பல ஆண்டு ஆடியபின் களைத்து அறுகிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கனெக்டரோ உள்ள ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை; அவற்றைத் தொடவே வேண்டாம். ஸ்பீக்கரை அதன் ஒயரிலிருந்து பிரித்து, கடிகாரத்துக்குப் போடும் சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை அதன் இரு கால்களிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற ஒலியோடு கூம்பு அசைந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் மின்தடையை அளக்கலாம். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் வரை காட்டும். காட்டிக்கொண்டிருக்கும்போதே கூம்பை மெல்ல அழுத்துங்கள், பின்னல் கம்பியை அசையுங்கள். எண் திடீரென்று காணாமற்போனால் அறுபட்ட இடம் அதுதான். அழுத்தும்போது கரகரவென்று உராய்ந்தால் உள்ளிருக்கும் காயில் கெட்டுவிட்டது; அந்த ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் எளிய சோதனை இடமாற்றம். இடக்கதவு ஸ்பீக்கரை வலக்கதவிலும், வலக்கதவினதை இடக்கதவிலும் மாட்டுங்கள். பழுது ஸ்பீக்கரோடு கூடவே போனால் குற்றம் ஸ்பீக்கருடையது. பழுது பழைய கதவிலேயே தங்கிவிட்டால் ஸ்பீக்கர் நிரபராதி. குற்றம் வழியில் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் தீர்ப்பு இது.

இங்கே ஒரு செய்தியை விசேஷமாகச் சொல்ல விரும்புகிறேன். இன்றைய கார் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களும் ஸ்டீரியோவுக்கே திரும்ப வேண்டும். அவற்றில் எதுவும் வண்டியின் உடலைத் தொடக் கூடாது. ஏதோ ஒரு கதவுக்குள் ஒரே ஓர் ஒயர் உரசித் தோலுரிந்து தகட்டைத் தொட்டுவிட்டால், பல ஸ்டீரியோக்கள் தங்களைக் காத்துக்கொள்ள எல்லா ஸ்பீக்கர்களையும் ஒருசேர அடக்கிவிடும். பின்கதவில் ஒரு நூலளவு காயம். வண்டி முழுவதும் மௌனம். சபை வாழ்வை அறிந்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தேடுதலுக்கும் கூலி உண்டு

இப்போது சிலர் கேட்பார்கள்: “ஐயா, ஸ்பீக்கர் ஒன்றும் பொன்னால் செய்ததில்லை. இத்தனை பாடு எதற்கு? புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டால் போகிறது.” இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. நாள்முழுதும் வண்டி ஓட்டிக் களைத்தவருக்கு நேரமே காசு. காயில் கருகியிருந்தாலும் கூம்பு கிழிந்திருந்தாலும் மாற்றுவதே சிக்கனம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் மாற்றுவது வேறு. ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்க, கதவில் புது ஸ்பீக்கர் மாட்டினால் என்ன நடக்கும்? மாட்டும்போது ஒயர் அசைந்து இழைகள் ஒன்றையொன்று தொடும். புது ஸ்பீக்கர் பாடும். காசு கொடுத்துத் திரும்புவீர்கள். மூன்றாம் நாள் அது அடங்கும். ‘இந்தக் கம்பெனிப் பொருளே சரியில்லை’ என்று ஸ்டீரியோவையும் மாற்றுவீர்கள். நல்ல ஸ்பீக்கர் குப்பைக்குப் போகும். நல்ல ஸ்டீரியோ குப்பைக்குப் போகும். அறுந்த ஒயர் மட்டும் வண்டியிலேயே இருக்கும்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. பொருளுக்குக் காசு கொடுக்க நாம் தயங்குவதில்லை. தேடியதற்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். “ஒரு ஒயரை ஒட்டியதற்கா இவ்வளவு?” என்று கேட்கிறோம். அந்த ஒயர் எது என்று கண்டுபிடிக்க அவர் அரைநாள் வெயிலில் கதவைப் பிரித்துக் குனிந்திருந்ததை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியானால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? தேடுவதில் வருமானமில்லை, பொருளை மாற்றுவதில் உண்டு என்பதையே கற்றுக்கொள்வார். நம்முடைய கஞ்சத்தனமே அவரை விற்பனைக்காரராக மாற்றுகிறது. செங்கல்பட்டைச் சுற்றி மறைமலைநகர் தொடங்கிக் கார்த் தொழிலை நம்பிப் படித்த இளைஞர்கள் எத்தனையோ பேர். ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது அதன் அதிர்ச்சி எத்தனை குடும்பங்களுக்குள் இறங்கியது என்பதை நாம் அறிவோம். கைத்திறனுள்ள அந்த இளைஞர்களில் ஒருவர் சிறு கடை வைத்து, ‘இதை மாற்ற வேண்டாம் அண்ணே, ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள், தேடிப் பார்க்கிறேன்’ என்று சொன்னால், அவருக்கு அந்த நாளின் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நேர்மைக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அதுதான்.

எருசலேமின் இடிந்த மதிலைக் கட்ட வந்த நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் அவர் கல்லைத் தூக்கவில்லை. மூன்று நாள் தங்கியபின், இரவில், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, வாசல் வாசலாகப் போய், எது இடிந்தது, எது எரிந்தது என்று பார்வையிட்டார். அதுவரை அதிகாரிகளுக்கும் தம் எண்ணத்தைத் தெரிவிக்கவில்லை. கட்டியதற்காக அவரைப் புகழ்கிறோம். கட்டுமுன் பார்வையிட்ட அந்த இரவையும் நாம் புகழ வேண்டும்.

ஒட்டும் வேலையிலும் நேர்மை வேண்டும். களிம்பேறிய முனையைச் சுத்தப்படுத்தும் திரவம் தெளித்துத் துடைக்க வேண்டும். மிகவும் அரித்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அடுத்த கோடைவரைதான். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழலை மேலே போட்டு மூட வேண்டும். கதவு மடங்கும் இடத்திலேயே ஒட்டுப் போடாமல், சற்றுத் தள்ளிப் புது ஒயர் சேர்ப்பது நல்லது. கிழிந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அடிப்புறத் துளைகளில் உள்ள மணலைக் குத்தி எடுத்துவிட்டே கதவை மூட வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் தடித்த ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். கார் பேட்டரி குறுக்குத் தொடர்பில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கக்கக்கூடியது. தரைவிரிப்புக்கு அடியில் தோலுரிந்த ஒயர் தகட்டைத் தொட்டால், அடங்கப்போவது பாட்டு மட்டுமன்று; வண்டியே எரியும். பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

சத்தத்தைக் கூட்டுவது தீர்வு அன்று

காரில் நாம் செய்வதையே ஆலயத்திலும் செய்கிறோம். மைக் விட்டுவிட்டு வருகிறது. வாசிக்கிறவர் அதைத் தட்டுகிறார். பின்னால் இருப்பவர் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கூட்டுகிறார். அடுத்த நொடி பேரிரைச்சல். கடைசி வரிசையில் இருக்கும் முதியவர்கள் வாசிப்பில் பாதியைக் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இருப்பவர்களோ வேண்டாமலே எல்லாவற்றையும் கேட்டார்கள். சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம் ஒரு சபையின் ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்தன. அந்தத் தீர்ப்பை நமக்கு எதிரானதாக நான் கருதவில்லை. இணைப்புகள் சரியாக இருக்கும் ஆலயத்துக்கு அதிகச் சத்தம் தேவைப்படாது.

ஒரு நாள் பேசிய ஒலிபெருக்கி

இனி, இவ்வளவு நேரம் ஒரு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசியதன் முழுப் பாரத்தையும் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரிக்கு அப்பால் நல்லவாடு என்ற மீனவர் கிராமம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையத்தை நடத்தியது. கடல் நிலவரத்தையும் வானிலையையும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் வேலைகளில் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் மனிதர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் சொல்ல, எல்லோரையும் எச்சரித்து வெளியேறும்படி சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அந்த ஒலிபெருக்கியில் கூவி அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள் உயிர் தப்பினார்கள்.

பிரியமானவர்களே, அந்தக் காலையில் அந்த ஒலிபெருக்கி விட்டுவிட்டுப் பேசியிருந்தால்? ‘ஓடுங்கள்’ என்ற சொல் வரும் நொடியில் ஓர் இணைப்பு நழுவியிருந்தால்? தொலைபேசி வந்தது, மக்கள் கதவை உடைத்தார்கள், ஒலிபெருக்கி பேசியது. இம்மூன்றில் முதல் இரண்டும் அந்த நேரத்துத் துணிவு. மூன்றாவதோ முந்தைய நாட்களின் ஒழுங்கு. ஆபத்து இல்லாத நாட்களில் கடல் நிலவரம் சொல்லப் பயன்பட்டு வந்ததால்தான், ஆபத்து நாளில் அது பேசும் நிலையில் இருந்தது.

இன்று ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. வானிலைத் துறை புயலின் பாதையை நாட்களுக்கு முன்னரே சொல்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. அது வரும் என்பதை நாம் முன்னரே அறிந்திருந்தோம். செயற்கைக்கோளும் கணினியும் தங்கள் வேலையைச் செய்துவிடுகின்றன. ஆனால் அந்தச் செய்தி குப்பத்தின் கடைசி வீட்டில் இருக்கும், கைப்பேசி இல்லாத பாட்டியின் காதுக்கு எதன் வழியாகப் போய்ச் சேர்கிறது? ஒரு கம்பத்து ஒலிபெருக்கி வழியாக. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக. கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்று ஊரில் உள்ள ஏதோ ஒன்றின் ஒலிபெருக்கி வழியாக. பல கோடி ரூபாய்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, உப்புக்காற்றில் களிம்பேறும் இரண்டு செம்பு முனைகள். அந்த முனைகளைத் துடைப்பது யாருடைய வேலை என்று எவரும் கேட்பதில்லை. அது நம்முடைய வேலை என்பதே என் கருத்து.

இதை அரசின் வேலை என்று சொல்லி ஒதுங்கலாம். அரசுக்கு அதில் கடமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிகாரி ஒத்திகைக்கு வரும் நாளில் விட்டுவிட்டுப் பேசும் கருவி நன்றாகவே பேசிவிடும். அதன் குறும்பை முன்னரே சொன்னேன். அதன் குறையை அறிந்தவர்கள் அன்றாடம் அதனடியில் வாழ்கிறவர்கள் மட்டுமே. அறிந்தவர்கள் சொல்லாவிட்டால் அறியாதவர்கள் எப்படிச் சரிசெய்வார்கள்?

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். தட்டிச் சமாளிப்பதை நிறுத்துங்கள். ஆலயத்து ஒலிபெருக்கி, மைக், ஒயர் அனைத்தையும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு சனிக்கிழமையில், ஐ.டி.ஐ. படித்த நம் இளைஞர்கள் பிரித்துப் பார்க்கட்டும். அதற்கு அவர்களுக்குச் சபை உரிய கூலி கொடுக்கட்டும். கடற்கரைக் கிராமங்களில் வசிக்கும் குடும்பங்கள், உங்கள் ஊர் ஒலிபெருக்கி எந்த வீடுவரை கேட்கிறது என்று ஒரு மாலை நடந்து பார்த்து, கேட்காத இடத்தையும் விட்டுவிட்டு வரும் நேரத்தையும் எழுதி ஊராட்சியில் கொடுங்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவரானாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடல் வரும்போது அது வீட்டு வாசலில் நின்று யார் என்று கேட்பதில்லை.

பொறுமையாகத் தேடும் கைகளையும், குறையை மறைக்காமல் சொல்லும் நாவையும், அண்டை வீட்டாரின் குரல் நின்றுபோனால் உடனே அறிந்துகொள்ளும் செவியையும் கர்த்தர் நமக்குத் தருவாராக.

ஆமென்.